கல்லைக் கும்பிட்ட இளவரசி: ‘எல்ஃப்லாண்ட் அரசனின் மகள்’ படித்த அனுபவங்கள்

போன வாரம்தான் படித்து முடித்தேன். ஐரிஷ் எழுத்தாளர் லார்ட் டன்சேனி 1924இல் எழுதிய ‘த கிங் ஆஃப் எல்ஃப்லாண்ட்ஸ் டாட்டர்’. வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது, அதனால் இங்கே கேட்கிறேன். முழுதாகப் படித்தவர்கள், பாதியில் மூடி வைத்தவர்கள், யாராக இருந்தாலும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முடிவைச் சொல்லிவிடுவோமோ என்ற தயக்கம் வேண்டாம். நூறு வயதான புத்தகம்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஏர்ல் என்று ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெரியவர்கள் தங்கள் பிரபுவிடம் போய், ஆட்சியில் குறை ஒன்றுமில்லை, ஆனால் மாயம் உள்ள ஒருவர் எங்களை ஆள வேண்டும் என்று கேட்கிறார்கள். ஊர் பெயர் வெளியே தெரிய வேண்டுமாம். பிரபு தன் மகன் ஆல்வெரிக்கைக் கூப்பிட்டு, எல்ஃப்லாண்ட் என்ற மாய நாட்டு அரசனின் மகளைக் கல்யாணம் செய்து கூட்டி வரச் சொல்கிறார். குன்றின் மேல் குடியிருக்கும் சூனியக்காரி, தன் முட்டைக்கோஸ் தோட்டத்து மண்ணில் புதைந்து கிடக்கும் இடிகளைக் கொண்டு அவனுக்கு வாள் செய்து தருகிறாள். (கோஸ் பாத்தியில் இடி பொறுக்குவது! இந்த ஓர் இடத்துக்காகவே டன்சேனிக்கு எதை வேண்டுமானாலும் மன்னிப்பேன்.) அவன் போய், காவல் வீரர்களை வென்று, இளவரசி லிராசெலைக் கூட்டி வந்துவிடுகிறான்.

எனக்கு மனதில் தங்கிப்போனது அதற்கு அப்புறம் வருகிற ஒரு காட்சி. அவளுக்கு இந்த உலகத்து வழக்கம் எதுவும் பிடிபடவில்லை. கற்களை வைத்து நட்சத்திரங்களைக் கும்பிடுகிறாள். ஆல்வெரிக் பார்த்துவிட்டுக் கோபப்படுகிறான், இது அஞ்ஞானிகள் செய்கிற வேலை என்று கண்டிக்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் வேப்பமரத்தடியில் ஒரு கல் இருந்தது. மஞ்சள் பூசி, செவ்வாய்க்கிழமை விளக்கு வைப்போம். அந்தச் சாமிக்குப் பெயர்கூடக் கிடையாது. கல்லைக் கும்பிட்டதற்கு ஒரு பெண்ணை இப்படித் திட்டுவானா என்று எனக்கு ஆற்றாமை. இங்கிலாந்து வாசகர் யாராவது இதே இடத்தில் இப்படி நின்றிருப்பாரா தெரியவில்லை. நீங்கள் எங்கே நின்றீர்கள்?

• • •

நான் எழுபதாம் பக்கத்தில் நின்றேன் அக்கா, அப்படியே நின்றுவிட்டேன்.

பழைய புத்தகக் கடையில் 1969 பாலன்டைன் பதிப்பு கிடைத்தது, லின் கார்ட்டர் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த ஃபான்டஸி வரிசை. அட்டையைப் பார்த்ததும் இளவரசி, வாள், சண்டை என்று ஒரு கணக்குப் போட்டேன். சண்டை பத்துப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அப்புறம் புல், பனி, அந்தி வெளிச்சம், மறுபடியும் புல். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடுகிறது, மூச்சு வாங்கலாம் என்று பார்த்தால் ஒரு ‘மேலும்’ போட்டு அடுத்த அரைப் பக்கம். பைபிள் நடை என்று சொல்கிறார்கள். எனக்கு மேட்டில் ஏறுகிற மாட்டுவண்டி மாதிரி இருந்தது.

அட்டையில் பெயர் அவளுடையது, உள்ளே அவள் பேசுவது சொற்பம். இன்னொருவருடைய மகள் என்றுதான் தலைப்பிலேயே இருக்கிறது, அதை நான்தான் கவனிக்கவில்லை.

• • •

தம்பி சொல்வது உண்மைதான். ஆனால் டன்சேனி முன்னுரையிலேயே எச்சரித்துவிடுகிறார். தலைப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பெரும்பாலான அத்தியாயங்களில் வருவது சாதாரண இங்கிலாந்துக் காடும் ஒரு கிராமமும்தான், அதுவும் எல்ஃப்லாண்ட் எல்லையிலிருந்து இருபது இருபத்தைந்து மைல் தள்ளி என்கிறார். முன்னுரையை யார் படிக்கிறோம்!

நான் இதைப் படித்தது கல்யாணமாகி ஒன்பதாவது வருடம். அதற்கு முன்னால் படித்திருந்தால் மந்திரக் கதையாகப் படித்திருப்பேன். ஒன்பதாவது வருடத்தில் இது முழுக்க முழுக்க மருமகள் கதையாகத்தான் தெரிந்தது.

அவர்கள் கல்யாணம் நடக்கிற விதத்தைப் பாருங்கள். ஊர்ப் பாதிரியார், ஃப்ரீயர் என்று நாவலில் வருகிறவர், மனிதப் பிறவி இல்லாத பெண்ணுக்கு எந்தச் சடங்கைச் செய்வது என்று யோசிக்கிறார். கடைசியில், கடலை விட்டு வந்த கடல்கன்னிக்குச் செய்யும் திருமணச் சடங்கைச் செய்து வைக்கிறார். முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், ‘எதையெல்லாம் விட்டு வந்தாய்’ என்பதுதானே அந்தச் சடங்கின் பெயரிலேயே இருக்கிறது.

எங்கள் பக்கம் ஆடி மாதம் கூழ் ஊற்றுவோம். வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஊற்றுவோம். கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் கேழ்வரகு மாவு கரைக்க உட்கார்ந்தேன். மாமியார் கோபப்படவில்லை. “அதெல்லாம் இங்க வழக்கமில்லம்மா” என்றார், அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால்கூட நானும் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். மாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

லிராசெலுக்கு அவள் அப்பா ஒரு பூதத்திடம் மந்திர ஓலை கொடுத்து அனுப்புகிறார். படித்தால் போதும், அப்பா வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். அவள் அதைப் படிக்காமல் பெட்டியில் பூட்டி வைக்கிறாள். குழந்தை இருக்கிறது, புருஷன் இருக்கிறான். அவளும் அவன் மேல் ஆசையாகத்தான் இருக்கிறாள், அதை மறந்துவிட வேண்டாம். அது பெட்டியிலேயே கிடக்கிறது. அந்தக் கல் விவகாரத்தில் அவன் திட்டிய பிறகுதான் திறந்து படிக்கிறாள். இலையுதிர் காலத்துச் சருகுகளோடு சருகாகக் காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

என் அப்பா பேருந்து நிலையத்தில் என்னை வழியனுப்பும்போது, “எப்ப வேணும்னாலும் வாம்மா, கதவு தாழ்ப்பாள் போட மாட்டேன்” என்றார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த அத்தியாயம் படித்த ராத்திரிதான் அதுவும் ஒரு ஓலை என்று பட்டது. நான் திறக்கவில்லை. திறக்காததால் நான் நல்லவள், அவள் கெட்டவள் என்று சொல்ல வரவில்லை. இந்த வருடம் ஆடியில் கூழ் ஊற்றினேன், மாமியாரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

• • •

மேலே எழுதிய அக்காவுக்கு வணக்கம். நான் கொஞ்சம் லேசான விஷயம் எழுதுகிறேன்.

எட்டு வயது மகளுக்கு இதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினேன், இரண்டு மாதம் ஆனது. அவளுக்குப் பிடித்தது இளவரசி இல்லை, லுருலு என்ற குட்டிப் பூதம். எல்ஃப்லாண்டில் காலமே நகராது. ஆல்வெரிக் அங்கே போய்த் திரும்பி வருவதற்குள் இங்கே பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, அவன் அப்பாவே செத்துப்போய்விட்டார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த லுருலு, ஏர்லில் ஒரு புறாக்கூட்டு மாடத்தில் ஏறி உட்கார்ந்து நம் உலகத்தை வேடிக்கை பார்க்கிறது. வெயில் நகர்கிறது, நிழல் நகர்கிறது, புறா போகிறது, வருகிறது, எதுவும் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அதற்கு ஒரே ஆச்சரியம். நாவலிலேயே இதுதான் சிறந்த இடம் என்பேன். ஒன்றுமே நடக்காது, ஆனால் படித்து முடித்ததும் எங்கள் வீட்டுச் சுவரில் வெயில் நகர்வதை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

லிராசெலின் மகன் பெயர் ஓரியன். வளர்ந்து வேட்டைக்காரனாகி, எல்லை தாண்டி மேய வரும் ஒற்றைக் கொம்புக் குதிரைகளை வேட்டையாடுகிறான். மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் அந்த நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினேன். நம் மிருகசீரிடமும் திருவாதிரையும் அதற்குள்தான் இருக்கின்றன. மகள் நட்சத்திரம் திருவாதிரை. அன்றிலிருந்து ஓரியன் அவளுக்குச் சொந்தக்காரன்.

ஒரு கேள்விக்குத்தான் திணறினேன். “அம்மா ஏன் பையனை விட்டுட்டுப் போனா?” அங்கே அவள் அப்பா மடியில் ஒரு பெருமூச்சு விடுவதற்குள் இங்கே பையன் வளர்ந்துவிடுகிறான், அவளுக்கு நேரம் போனதே தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப போறப்ப கடிகாரம் எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

• • •

காலம் நகராத ஊர் என்றதும் ஞாபகம் வந்தது. நம் புராணத்தில் ககுத்மி என்ற அரசன் தன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போவான். பாட்டுக் கச்சேரி முடியட்டும் என்று கொஞ்சம் காத்திருப்பான். அதற்குள் பூமியில் இருபத்தேழு சதுர்யுகம் போய்விடும். அங்கேயும் ஓர் அரசன் மகள்தான். அப்புறம் பலராமருக்குக் கட்டிக் கொடுப்பார்கள். அவரும் கலப்பையால் அவளை இழுத்து இந்தக் காலத்து உயரத்துக்குக் குறைத்தாராம். ஆல்வெரிக் செய்யப் பார்த்ததும் அதைத்தானே!

• • •

நான் இதைத் தமிழாக்கப் பார்த்துத் தோற்றவன். சட்டச் சிக்கல் இல்லை. டன்சேனி 1957இல் இறந்தார், இந்தியச் சட்டப்படி அறுபது வருடம் கழித்து 2018இலிருந்து பொதுவுடைமை. அமெரிக்காவில் 2020 ஜனவரியில் காப்புரிமை முடிந்தது. அதனால் ஆங்கில மூலத்தை இலவசமாகவே படிக்கலாம்.

சிக்கல் சொற்களில்தான். நம் உலகத்தை அவர் எப்போதும் ‘நாம் அறிந்த வயல்கள்’ என்றே சொல்வார், பக்கத்துக்குப் பக்கம் வரும். தமிழில் எழுதினால் வேளாண்மைத் துறைத் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது. ‘நம்ம வயக்காடு’ என்று போட்டுப் பார்த்தேன், பிரபு சட்டென்று பண்ணையார் ஆகிவிட்டார். எல்ஃப்லாண்டுக்கு என்ன போடுவது? தேவலோகம் என்றால் இந்திரன் வந்து உட்கார்ந்துகொள்கிறார். மாயலோகம் என்றால் விட்டலாச்சார்யா படம். ட்ரோலுக்குப் பூதம் சரி, மேலே எழுதியவரும் அதையே போட்டிருக்கிறார். ரூனுக்கு மந்திர ஓலை. மூன்று அத்தியாயத்தோடு நோட்டை மூடிவிட்டேன்.

ஆனால் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்ததில் ஒன்று கண்ணில் பட்டது. அவர் புல்லையும் அந்தியையும் எழுதுவது அலங்காரத்துக்கு இல்லை. மகள் திரும்பி வந்ததும் அரசன் எல்ஃப்லாண்டையே கடல் வற்றுவதுபோலப் பின்னால் இழுத்துக்கொள்கிறான். ஆல்வெரிக் தேடிப் போனால் வெறும் கல்காடு. அதில் அவன் சின்ன வயதில் தொலைத்த பொம்மை, மறந்துபோன பாட்டு, இப்படிப் பழசெல்லாம் அலை ஒதுக்கியது மாதிரி கிடக்கிறது. அந்த வறட்சி நம்மைத் தாக்க வேண்டுமென்றால் முன்னால் எழுபது பக்கம் புல் வேண்டும் தம்பி.

• • •

பாட்டாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு: ஸ்டீலை ஸ்பான் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் பாப் ஜான்சனும் பீட்டர் நைட்டும் 1977இல் இந்தக் கதையை ஓர் இசைத்தட்டாகப் போட்டார்கள். கதை சொல்லும் குரல், டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ. அந்தக் குரலுக்காக நான் புத்தகத்தைத் தேடிப் போனவன். எனக்கு இன்றும் எல்ஃப்லாண்ட் அரசன் டிராகுலா குரலில்தான் பேசுகிறார்.

• • •

எல்லோரும் அவளையும் அவனையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்த ஊர்க்காரர்கள் கட்சி.

மாயம் வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்தான், மறுக்கவில்லை. ஓரியன் பூதங்களை வேட்டைக்கு வேலைக்காரர்களாகக் கூட்டி வருகிறான். ராத்திரியில் ஊருக்குள் என்னென்னவோ நடமாடுகிறது. பயந்துபோய்ச் சூனியக்காரியிடம் போகிறார்கள், மாயத்துக்கு எதிராக ஒரு மந்திரம் கொடு என்று. அவள் கன்னாபின்னாவென்று திட்டி அனுப்பிவிடுகிறாள். படித்தவர்கள் எல்லோரும் அவள் பக்கம் கைதட்டுகிறார்கள். கொல்லன் பட்டறையில் உட்கார்ந்து தேன்மது குடித்துக்கொண்டு ஏதோ பேராசையில் கேட்டுவிட்டார்கள், அதற்கு இவ்வளவா?

முடிவைப் பாருங்கள். மகள் ஏங்குகிறாள் என்று அரசன் தன்னிடம் மிச்சமிருந்த கடைசி மந்திரத்தைச் சொல்கிறான். எல்ஃப்லாண்ட் வெள்ளம் மாதிரி வந்து ஏர்லை மூடிக்கொள்கிறது. ஃப்ரீயரின் இடம் மட்டும் தப்புகிறது. குடும்பம் சேர்ந்துவிட்டது, சந்தோஷம். ஊரில் மற்றவர்கள்? நாளைக்கு விதைக்க வைத்திருந்த நெல் என்ன ஆனது, சரி, அங்கே கோதுமை, அது என்ன ஆனது? காலமே நகராத இடத்தில் எப்படி முளைக்கும்? நான் அணைக்கட்டில் மூழ்கிய ஒரு கிராமத்தின் பேரன். இதைச் சுபம் என்று போட என் கை வரவில்லை. எழுத்து அழகு என்பதில் சந்தேகமில்லை. கடைசி அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அழகாகத்தான் மூழ்கியது.

• • •

எழுபதாம் பக்கத்துத் தம்பிதான். புறாக்கூட்டைப் பற்றிப் படித்த பிறகு புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். இப்போது லுருலு ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறது. வாக்கியம் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. அணைக்கட்டு அண்ணா, நீங்கள் முடிவைச் சொல்லிவிட்டதற்குக் கோபமில்லை, முதலிலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிகாரக் கேள்விக்கு யாராவது பதில் கண்டுபிடித்தால் சொல்லுங்கள்.