'முறைசெய் மாற்றம்': ஒரு பரிந்துரை

வணக்கம் ஐயா. நிலக்கரியை விட்டுச் சூரிய, காற்று மின்சாரத்துக்கு மாறும்போது அதனால் பாதிக்கப்படுவோரைக் கைவிடாமல் மாறுவதை ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் டிரான்சிஷன்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதன் தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது.

> 'ஜஸ்ட் டிரான்சிஷன்' என்பதற்கு 'நீதியான நிலைமாற்றம்' போதுமே?

பொருளில் பிழையில்லை. ஆனால் 2015 பாரிஸ் உடன்படிக்கையின் முகவுரையில் ஏறுவதற்கு முன்பே அமெரிக்கத் தொழிற்சங்கத்தார் வாயில் புழங்கிய சொல் இது. வேலை இழப்பவருக்கு ஈடு கேட்டுப் பிறந்தது. 'நீதியான' என்ற அடைமொழியில் அந்தக் கோரிக்கையின் குரல் கேட்கவில்லை.

என் பரிந்துரை 'முறைசெய் மாற்றம்'. 'இது முறையா?' என்று கேட்காத வாய் மதுரைப் பக்கம் கிடையாது. மேலூர்க் கடைமடைக்காரருக்கு முறைத்தண்ணீர் என்றால் தம் பங்கு, தம் நாள், இரண்டும்தான். மனு கொடுப்பதும் முறையிடுவதே.

வினைத்தொகை என்பதால் முக்காலமும் அடங்கும். அதுதான் எனக்கு முக்கியம்: நடந்தது, நடக்கப்போவது, நடப்பது மூன்றிலும் முறை வேண்டும். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. இப்படித் தரிசுகள் கைமாறும்போது பட்டாதாரருக்கு விலை கிடைக்கும். அந்தத் தரிசை நம்பி ஆடு மேய்த்தவரும், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவரும் எந்தக் கணக்கில் வருவார்கள்? தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. மூடும் நாளில் நிரந்தர ஊழியர் இடமாறுதல் கேட்கலாம், ஒப்பந்தத் தொழிலாளி யாரிடம் போவார்?

இப்போதைய நடப்புக்குச் செல்லூர்க் காம்பவுண்டு வீடுகளைப் பாருங்கள். கூரைச் சூரியத் தகட்டுக்கு ஒன்றிய அரசு ரூ.78,000 வரை மானியம் தருகிறது. மொட்டைமாடி வீட்டுக்காரருடையது, மின் இணைப்பும் அவர் பெயரில். குடியிருப்பவருக்கு வாசற்சுவரில் வீட்டுக்காரர் தனியாக மாட்டிய சப்-மீட்டர், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொன்ன விலை. மாடியில் தகடு ஏறிவிட்டது என்பதற்காகக் கீழே அந்த விலை தானாக இறங்காது. வாடகைக்காரரின் பங்கைத் திட்டத்திலேயே எழுதியாக வேண்டும்.

அடுத்து, பலர் சேர்ந்து சொந்தமாக்கிக்கொள்ளும் மின்சாரத்தைச் சொல்லும் 'கம்யூனிட்டி எனர்ஜி'. அதிலுள்ள 'கம்யூனிட்டி'க்குச் 'சமூகம்' வேண்டாம். எங்கள் பக்கச் சுவரொட்டிகளில் அது சாதி. 'ஊர் மின்சாரம்' என்று தோழர் ஒருவர் எழுதியிருந்தார். ஊர் என்றும் காலனி என்றும் பிரித்துப் பேசும் கிராமங்களில் அது பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடும். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. அத்தகையவற்றை 'ஊராட்சி மின்சாரம்' என்றால் காலனிக்காரரும் கிராமசபையில் எழுந்து கணக்குக் கேட்கலாம். நகரத்துக்குக் 'கூட்டு மின்சாரம்' சரிவரும்.

ஒரு மறுப்பு வரும்: 'முறை செய்வது' எங்கள் பேச்சில் தாய்மாமன் சீர் செய்வதல்லவா? ஆம், வரட்டும். செய்முறை தருமம் அல்ல, கடன். யார் என்ன செய்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் குறையாமல் திருப்பிச் செய்கிறோம். தரிசையும் உழைப்பையும் கொடுத்தவருக்கு நாம் பட்டிருப்பதும் அப்படிப்பட்ட கடனே.

ஆகவே முறைசெய் மாற்றம், முறைசெய் நிதி, முறைசெய் திட்டமிடல் ஆகிய மூன்றையும் பட்டியலில் சேர்க்கக் கோருகிறேன்.