மாற்றுக் கல்லீரலுக்கு டாப்ளர் எடுத்தோம், 'ஆர்ட்டரி தெரியவில்லை' என்று ரிப்போர்ட். பொறுக்கலாமா?

பாலக்கோடு தம்பி:
வணக்கம். அண்ணனுக்குச் சென்னையில் கல்லீரல் மாற்று ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம். அண்ணிதான் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். முதல் வாரம் தினமும் மெஷினைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்து டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்தார்கள், டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவர்கள் சொல்கிற தேதியில் போகிறோம். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் கார் வைத்துப் போய் வரக் கட்டுப்படியாகவில்லை என்று இந்தத் தடவை தர்மபுரியிலேயே ஒரு சென்டரில் எடுத்தோம். ஹெப்பாடிக் ஆர்ட்டரி (கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்) தெரியவில்லை, மற்றதெல்லாம் நார்மல் என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டால் வயிற்றில் கேஸ் மறைத்திருக்கும் என்கிறார்கள். காய்ச்சல் இல்லை, மஞ்சள் இல்லை, நேற்று களி நன்றாகவே சாப்பிட்டார். அடுத்த செக்கப்புக்கு 9 நாள் இருக்கிறது.

ஊத்தங்கரைக்காரன்:
எங்கள் மாமாவுக்கும் ஒரு தடவை இப்படித்தான் எழுதினார்கள், அப்புறம் ஒன்றுமில்லை. எல்.எஃப்.டி. (கல்லீரலுக்கான ரத்த டெஸ்ட்) நார்மல் என்றால் பயப்படாதீர்கள். 9 நாள்தானே.

ஸ்கேன் ரூம்:
கிருஷ்ணகிரியில் ரேடியாலஜி டாக்டராக இருக்கிறேன். ஊத்தங்கரை அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, இது 9 நாள் பொறுக்கிற விஷயம் இல்லை. 'தெரியவில்லை' என்பதற்கு இரண்டு அர்த்தம்: குழாய் அடைத்திருக்கிறது, அல்லது எங்களால் பிடிக்க முடியவில்லை. எது என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது.

நமக்கெல்லாம் இருக்கிற கல்லீரலில் ஒரு குழாய் அடைத்தால் சுற்றுவழியில் கொஞ்சம் ரத்தம் வந்துவிடும். மாற்றி வைத்ததில் அந்தச் சின்னச் சின்ன வழிகளை எல்லாம் வெட்டியாகிவிட்டது, பித்தக்குழாய்க்கு இந்த ஒரு ஆர்ட்டரிதான் சோறு போடுகிறது. குடலிலிருந்து ரத்தம் கொண்டு வரும் போர்ட்டல் வெயின் கல்லீரலை ஓரளவு தாங்கிப் பிடிப்பதால் ஆள் தெம்பாக நடமாடுவார், ரத்த டெஸ்டும் சில சமயம் சும்மா இருக்கும், உள்ளே பித்தக்குழாய் கெட்டுக்கொண்டிருக்கும். களி சாப்பிட்டார் என்பதை நம்பி உட்காராதீர்கள்.

உயிரோடு இருப்பவர் கொடுத்த பகுதி என்றால் ஆர்ட்டரி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். விலா எலும்புகளுக்கு நடுவே புரோபை (ஸ்கேன் கருவியின் கைப்பிடி முனையை) வைத்து, மெல்லிய ஓட்டமும் தெரிகிற மாதிரி செட்டிங்கைக் குறைத்துத் தேட வேண்டும். மாற்றுக் கல்லீரலையே பார்த்திராத இடத்தில் அது கிடைக்காமல் போவது அதிசயமில்லை, அவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பாமல் சென்னைக்கு ஒரு போன் போடச் சொல்லியிருக்கலாம்.

இப்போதே சென்னை ஆஸ்பத்திரியின் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டுங்கள். திரும்ப டாப்ளர் எடுப்பார்கள், அதிலும் கிடைக்காவிட்டால் சி.டி. ஆஞ்சியோ (மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் பார்க்கும் சி.டி. ஸ்கேன்). கிடைத்தால் ஆர்.ஐ. என்று ஒரு எண் வரும். ஒரு துடிப்பில் ரத்தம் ஓடுகிற உச்ச வேகத்திலிருந்து கடைசி வேகத்தைக் கழித்து, உச்ச வேகத்தால் வகுப்பது. 0.5 முதல் 0.8 வரை பொதுவாகச் சரி. அதற்குக் கீழே இறங்கி, திரையில் தெரியும் ரத்த ஓட்ட அலையும் சோம்பலாக எழுந்தால் குழாய் எங்கோ சுருங்கியிருக்கலாம். ஒரு நாள் எண்ணைவிடப் போன தடவைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் முக்கியம், அதனால் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

அரூர் அக்கா:
தம்பி, எனக்கு ஆபரேஷன் ஆகி நாலு வருஷம். விடிகாலையில் போய்ச் சேர்ந்தால் டேக்ரோலிமஸ் (புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்காமல் இருக்கப் போடும்) மாத்திரையை வழக்கமான நேரம் என்று போட்டுவிடாதீர்கள், ரத்தம் எடுத்த பிறகு போட வேண்டும். மாத்திரையைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்கேனுக்கு வெறும் வயிறா என்றும் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு தம்பி:
போன் போட்டதும் உடனே கிளம்பி வரச் சொன்னார்கள், ராத்திரியே வந்துவிட்டோம். டாப்ளரில் ஆர்ட்டரி கிடைத்துவிட்டது, ஆர்.ஐ. 0.64, போன தடவை 0.66. சி.டி. வேண்டாம் என்றார்கள். இனி ஊரில் எடுக்கலாமா என்றதற்கு இப்போதைக்கு இங்கேதான் என்றுவிட்டார்கள். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமிருந்து மாதம் ஒரு தடவை சென்னைக்குக் காரில் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம்.