பற்சிப்பிச் சீவலைத் தேய்க்கும்போது விளிம்பு பெயர்கிறது: வழி கூறுங்கள்

வணக்கம். ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். பல்லின் கடினமான மேலுறையான பற்சிப்பி (எனாமல்) உருவாகும் விதத்தை, பிடுங்கப்பட்ட கடைவாய்ப் பற்களின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்து முதுநிலை ஆய்வேட்டுக்காகப் படித்து வருகிறேன். பல் முளைத்ததும் பற்சிப்பியை உருவாக்கும் அமெலோபிளாஸ்ட் செல்கள் மறைந்துவிடுவதால், நாளொன்றுக்குச் சுமார் 4 மைக்ரான் வீதம் அவை விட்டுச்சென்ற குறுக்குக் கோடுகளே எனக்குச் சான்று. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம் என்பதால், அமிலத்தில் ஊறவைத்து வெட்டினால் பற்சிப்பியே கரைந்துபோகும். தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிக்கல் இதுதான். 100 மைக்ரான் தடிமனில், 10 மடங்கு லென்ஸில் ரெட்சியஸ் கோடுகள் (பற்சிப்பியின் வளர்ச்சிக் கோடுகள்) பழுப்பாகத் தெளிவாகத் தெரிகின்றன. 40 மடங்குக்கு மாற்றினால் குறுக்குக் கோடுகள் கலங்கிவிடுகின்றன. பற்சிப்பியின் அடிப்படை அலகான தண்டு ஒன்றின் அகலம் சுமார் 5 மைக்ரான்தான் என்பதால், பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன என்று கருதுகிறேன். இன்னும் மெலிதாக்கினால், பல்முகட்டின் ஓரத்தில் பற்சிப்பி, அதன் அடியிலுள்ள டென்டின் அடுக்கை விட்டு உப்புக்கல் போலப் பெயர்ந்து வருகிறது.

ஜூன் முதல் 400ஆம் எண்ணிலிருந்து 1200ஆம் எண் வரையிலான எமரித் தாள்களையும் கார்போரண்டம் தூளையும் தண்ணீர் விட்டுப் பயன்படுத்திப் பார்த்தேன். பாரிமுனையில் வாங்கிய எபாக்சி பிசினில் பல்லைப் பதித்தபோது, பிசின் ஒட்டாமல் விலகி, இடுக்கில் காற்றுக் குமிழ்கள் வரிசையாக நின்றன. கடற்கரை ஈரக்காற்றோ என்று ஐயுற்று, ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்கி ஏசி அறையில் பதித்தும் மாற்றமில்லை. பற்கள் 10 விழுக்காடு ஃபார்மலினில் இருந்தவை. நுண்ணோக்கி ஒலிம்பஸ் சிஎக்ஸ்21ஐ. வைர வாள் வசதி இல்லை.

கையால் தேய்த்தே 50 மைக்ரானுக்குக் கீழே விளிம்பு பெயராமல் கொண்டுவர, எந்தப் பிசினில், எந்தக் கட்டத்தில் பல்லைப் பதிக்க வேண்டும்?