பதில்: பல்க் டென்சிட்டி – "அடர்த்தி" போதாதா?

சமையல் அளவுகளைக் கோப்பையிலிருந்து கிராமுக்கு மாற்றும் அட்டவணையில் வரும் "பல்க் டென்சிட்டி"க்கு (bulk density, துகள்களை இடையிலுள்ள காற்றோடு சேர்த்து அளக்கும் அடர்த்தி) என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கான பதில் இது.

> கோப்பைக் கணக்கைக் கிராமாக்கும் எண்ணுக்கு "அடர்த்தி" என்றே போட்டுவிடலாமே. பள்ளியில் எல்லோரும் படித்த சொல்தானே?

போடலாம் ஐயா, கணக்குத்தான் உதைக்கும். சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி மி.லி.க்குச் சுமார் 1.59 கிராம். அப்படியானால் 240 மி.லி. கோப்பையில் 380 கிராம் இருக்க வேண்டும். தராசு காட்டுவதோ 200 கிராம் பக்கம். மீதி இடமெல்லாம் காற்று. அதே சர்க்கரையைப் பொடித்து நிரப்பினால் 120 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். பொருளும் மாறவில்லை, அதன் அடர்த்தியும் மாறவில்லை. துகள்கள் அடுக்கப்படும் விதம்தான் மாறியது. உப்பிலும் இதே கதை: தூளுப்பை அளந்த கரண்டியால் செதில் உப்பை அளந்தால் எடை பாதியாகக்கூடக் குறையும்.

> அப்படியானால் "பருமன் அடர்த்தி"?

அடர்த்தி என்றாலே நிறையைப் பருமனால் வகுத்து வருவதுதான். முன்னால் இன்னொரு பருமன் எதற்கு? "மொத்த அடர்த்தி"யும் வேண்டாம், எதையோ கூட்டி வந்த தொகை போல ஒலிக்கிறது.

என் பரிந்துரை: குவியடர்த்தி. குவிந்து கிடக்கும் பொருளை இடைக்காற்றோடு சேர்த்து அளந்த அடர்த்தி.

> ஒளியியலில் குவியம், குவி வில்லை (லென்ஸ்) எல்லாம் இருக்கின்றனவே. குழம்பாதா?

மாவு அளப்பவர் வில்லையோடு குழப்பிக்கொள்ள மாட்டார். நெற்குவியல், மணற்குவியல் என்று பழகிய வேர்தான்.

உண்மையான சிக்கல் மாவில் இருக்கிறது. கரண்டியால் தூவி நிரப்பித் தலைதட்டினால் கோப்பைக்குச் சுமார் 120 கிராம். கோப்பையையே மாவுக்குள் அமுக்கி அள்ளினால் 140-ஐத் தாண்டும். மருந்துத் தூள்களைச் சோதிப்பவர்கள் இதற்காகவே உருளையில் இட்டதும் ஒரு முறை, பலமுறை தட்டிய பின் ஒரு முறை என இரண்டு அளவு எடுக்கிறார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுப்பது ஹாஸ்னர் விகிதம். அது கூடக்கூடத் தூள் சரளமாக ஓடாது.

நமக்கும் இரண்டு சொல் வேண்டும். முதலாவது தளர் குவியடர்த்தி. இரண்டாவதற்குச் "செறி" பொருந்தும்தான், ஆனால் வேதியியலில் செறிவு என்றால் கரைசல் நினைவுக்கு வரும். தட்டினால் தூள் அமர்கிறது, ஆகவே அமர் குவியடர்த்தி என்கிறேன். "தட்டடர்த்தி" என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: வாயில் நுழையவில்லை.

> சமைப்பவருக்கு இதெல்லாம் எதற்கு?

அவருக்கு வேண்டாம். திரையில் "ஒரு கோப்பையின் எடை" என்று இருந்தால் போதும். கீழே "தூவி நிரப்பியது", "அள்ளியது" என்று இரண்டு தெரிவுகள். குவியடர்த்தி உள்ளே இருக்கும் அட்டவணையின் தலைப்புக்கு. அதே அட்டவணையில் கோப்பை 240 மி.லி.யா 250 மி.லி.யா என்பதையும் குறித்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் எந்தச் சொல் வைத்தாலும் விடை 4 விழுக்காடு தள்ளித்தான் வரும்.