புதுப்பிப்பு: சாமித்தோப்புக்குப் போன ஆடிட்டர் அத்தான்

கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடாத என் அத்தான், நாகர்கோவிலில் ஆடிட்டர், சாமியார் என்றாலே முகம் சுளிப்பவர், அய்யாவழி என்ற வழிபாட்டு நெறியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் அன்பராகிவிட்டதை முன்பு எழுதியிருந்தேன். சீக்கிரம் தெளிந்துவிடுவார் என்றீர்கள். தெளியவில்லை, முற்றிவிட்டது.

ஞாயிறுதோறும் வைகுண்டரின் தலைமைக் கோயில் இருக்கும் சாமித்தோப்பு. முத்திரிக் கிணற்றில் குளியல், சட்டையில்லாத உடம்பு, நெற்றியில் வெண்மண்ணால் சுடர் வடிவ நாமம், தலைப்பாகை. அதன் மடிப்பைக்கூடப் பேரேட்டுக் கோடு போல நேராக்கித்தான் உள்ளே நுழைகிறார்.

என்ன அற்புதம் கண்டார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒன்றுமில்லை. கருவறையில் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான். அவரைப் பிடித்திழுத்தது வரலாறு. ஒடுக்கப்பட்ட சாதியார் தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்த திருவிதாங்கூரில், 1809இல் பிறந்த வைகுண்டர் அதைக் கட்டச் சொன்னார். அரசர் சிறையில் அடைத்தும் பின்வாங்கவில்லை.

“அற்புதக் கதைகளுக்கு இப்போதும் ரசீது கேட்பேன் மாப்பிள்ளை. இதற்குத் தேவையில்லை” என்கிறார். எனக்கு இந்தப் பதில் முழுதாகத் திருப்தி தரவில்லை. துணிச்சலை மதிக்கலாம், தினமும் கும்பிட வேண்டுமா? கேட்டால் சிரிக்கிறார்.

அக்காவின் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு நின்றுபோனது. சனிக்கிழமைக்கு மாற்றிப் பார்த்தார். இனி அன்றும் மரக்கறிதானாம்.