மூன்றரை வயது, ஆறு வயது: இருவருக்கும் சேர்த்து வாசிக்க ஹாலோவீன் படப் புத்தகம்?

மழைக்குருவி:
பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்றரை. அக்டோபர் பிறந்ததிலிருந்து அவனுக்கு எலும்புக்கூடு, பேய், சூனியக்காரி என்று ஒரே ஆர்ப்பாட்டம், "பயங்கரமா இருக்கணும்" என்று நிபந்தனை வேறு. இவளோ முகமூடி மாட்டிய யாரைக் கண்டாலும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். தனித்தனியாக வாசிக்க நேரமில்லை, இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே புத்தகம்தான். நூலகத்தில் ஹாலோவீனுக்கென்று எடுத்து வைத்திருந்ததில் பாதி வெறும் பளபள அட்டை, உள்ளே கதை என்று ஒன்றும் கிடையாது. எதை எடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கதைப்பெட்டி:
சின்னவளுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், எட் எம்பர்லியின் 'கோ அவே, பிக் க்ரீன் மான்ஸ்டர்!' 1992இல் வந்தது. ஹாலோவீன் பேச்சே அதில் இல்லை, இருந்தாலும் இந்தச் சமயத்துக்கு அதுதான் சரி. பக்கங்களில் ஓட்டை வெட்டியிருக்கும். முதலில் இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும், திருப்பினால் மூக்கு, அப்புறம் பல்லோடு சிவப்பு வாய், காது, ஊதா முடி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பூதத்தின் முழு முகமும் வந்து நிற்கும். அதற்குப் பிறகு "போ" என்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். விரட்டுவது குழந்தை, நமக்குப் பக்கம் திருப்புகிற வேலை மட்டும். பயந்த பிள்ளைகளுக்கு இந்த அதிகாரம் ரொம்பப் பிடிக்கும், திரும்பத் திரும்ப வாசித்து நமக்குத்தான் கொட்டாவி வரும்.

அரைத்தூக்கம்:
இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம் என்றால் நான் சொல்வது 'த லிட்டில் ஓல்ட் லேடி ஹூ வாஸ் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் எனிதிங்'. லிண்டா வில்லியம்ஸ் எழுதியது, மேகன் லாய்ட் படங்கள், 1986. ஒரு பாட்டி இருட்டில் காட்டு வழியாக வீட்டுக்கு நடக்கிறாள். எதிரே ஆளே இல்லாமல் இரண்டு ஷூ மட்டும் தொம் தொம் என்று மிதிக்கின்றன. தள்ளிப் போ என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடக்கிறாள். அடுத்து நெளிகிற கால்சட்டை, குலுங்குகிற சட்டை, கைதட்டுகிற கையுறை, தலையாட்டுகிற தொப்பி, எல்லாம் பின்னாலேயே வருகின்றன. பூசணித் தலை வந்ததும்தான் ஓட்டம் பிடிக்கிறாள். முடிவில் அத்தனையும் சேர்ந்து தோட்டத்தில் காக்கை விரட்டும் பொம்மையாக நிற்கும். எனக்கு அந்த முடிவுதான் முக்கியம், பயமுறுத்தினவை எல்லாம் என்ன ஆயின என்பதற்குக் கண்முன்னே பதில் இருக்கிறது. பதில் இல்லாமல் "ஹா ஹா ஹா" என்று பேய்ச் சிரிப்போடு முடிகிற புத்தகங்களை நான் தொடுவதே இல்லை, அதற்கான பதிலைப் பிள்ளை விளக்கணைத்த பிறகு நம்மிடம் கேட்கும். பெரியவனை எழுந்து நின்று ஷூ மாதிரி மிதிக்கச் சொல்லுங்கள், கைதட்டலைச் சின்னவளிடம் விட்டுவிடுங்கள்.

நீலச்சட்டை:
எல்லாரும் 'ரூம் ஆன் த ப்ரூம்' என்பார்கள். ஜூலியா டொனால்ட்சன் எழுதியது, அருமையான எதுகைதான், சூனியக்காரியும் சாது. ஆனால் டிராகன் அவளைத் தின்ன வருகிற இடம், அப்புறம் நான்கு விலங்குகளும் சேற்றில் புரண்டு நான்கு தலைப் பூதமாக எழுந்து வருகிற படம், இரண்டையும் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். எழுத்தில் ஒன்றுமில்லாதது போலிருக்கும், மிரட்டுவது படம்தான்.

உங்கள் மகனுக்கு மட்டும் என்றால் 'க்ரீப்பி கேரட்ஸ்!' ஆரன் ரெனால்ட்ஸ் எழுதி பீட்டர் பிரவுன் வரைந்தது, 2013இல் கால்டிகாட் ஹானர் (அமெரிக்காவில் படப் புத்தக ஓவியங்களுக்குத் தருகிற விருது) வாங்கியது. பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் மாதிரி எல்லாம் சாம்பல் நிறம், கேரட் மட்டும் ஆரஞ்சு. கேரட்டுகள் தன்னைத் துரத்துவதாக நினைத்து ஒரு முயல் தோட்டத்தைச் சுற்றி வேலியே போட்டுவிடும். அந்த வேலியால் யாருக்கு லாபம் என்று புரிகிற வயது உங்கள் மகனுக்கு வந்துவிட்டது, சின்னவளுக்கு அது எட்டாது, இருட்டுப் பக்கங்கள்தான் மிச்சமாகும்.

மழைக்குருவி:
பாட்டி கதையையும் பச்சைப் பூதத்தையும் இன்றே நூலகத்தில் பதிவு செய்கிறேன், நன்றி. இதையெல்லாம் படுக்கும் நேரத்தில் வாசிக்கலாமா, பகலில்தானா?

அரைத்தூக்கம்:
முதல் தடவை பகலில். அவளே கேட்டு எடுத்து வந்தால் ராத்திரி வாசியுங்கள். நடுவில் மூடச் சொன்னால் "ஒண்ணும் ஆகாதுடா" என்று இழுக்காமல் மூடிவிடுங்கள், கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்து காட்டினால் போதும்.

கதைப்பெட்டி:
பதிவை உடனே செய்யுங்கள், ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 நெருங்க நெருங்க ஒன்றும் கிடைக்காது. அப்படியே வில் ஹபெல்லின் 'பம்ப்கின் ஜாக்'கும் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் செதுக்கிய பூசணிக்காயைப் பையன் தோட்டத்தில் போட, அது அழுகி, பனியில் மூடி, வசந்தத்தில் விதை முளைத்துவிடும். பேய் கிடையாது. அழுகுகிற படங்களை உங்கள் மகன் நிச்சயம் ரசிப்பான், ஹாலோவீன் முடிந்த பிறகும் வாசிக்கலாம்.