ஃப்ளோரன்ஸில் ஓவியப் படிப்பு: அருங்காட்சியக அனுமதி, ஆயில் பெயின்ட், ரசீதோடு பயணம்

கோட்டோவியன் கேட்டது:
வணக்கம். நவம்பரில் ஃப்ளோரன்ஸ் நுண்கலை அகாடமியில் ஓவியப் பிரிவில் சேர்கிறேன். வயது 22, இந்தியக் கடவுச்சீட்டு, ஓராண்டு டி விசா (நீண்டகாலம் தங்குவதற்கான விசா). உஃபிட்சி போன்ற ஓவிய அருங்காட்சியகங்களில் வாரம் இரண்டு முறை உட்கார்ந்து வரைய ஆசை. ஒவ்வொரு முறையும் முழு டிக்கெட் என்றால் கட்டுப்படியாகாது. ஆயில் பெயின்ட் பொருள்களை விமானத்தில் கொண்டுவரலாமா, விடுதி அறையில் வைக்கலாமா? பெர்மெஸ்ஸோ (இத்தாலியில் தங்கும் அனுமதி) அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். அதற்கு முன்பே பாரிஸ், மாட்ரிட் போய்வர முடியுமா?

மைக்கூடு:
டிக்கெட் பற்றிக் கவலை வேண்டாம். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் நுண்கலை அகாடமி மாணவர்களுக்கு அனுமதி இலவசம். எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. ஆனால் மாணவர் அட்டையை நம்பிப் போகாதீர்கள், விதியில் இருப்பது நடப்புக் கல்வியாண்டின் சேர்க்கைச் சான்றிதழ். கட்டணப் பலகையில் 2 யூரோ சலுகை ஒன்றும் இருக்கும். அது 18 முதல் 25 வயது வரையுள்ள ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு, நமக்குக் கிடையாது. நகராட்சி நடத்தும் இடங்களும் தேவாலயங்களும் இந்த விதிக்குள் வராது. பிரான்காச்சி சிற்றாலயத்துக்குத் தனி டிக்கெட்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம். வரைய வேண்டுமென்றால் அன்று போகவே போகாதீர்கள். உஃபிட்சிக்குத் திங்கள் விடுமுறை.

கூடத்துக்குள் பென்சிலும் மடியில் வைக்கும் ஏடும் போதும். மை, வாட்டர்கலர், கரித்துண்டு எல்லாம் வெளியே. பென்சில் சீவும் கத்தி பாதுகாப்புச் சோதனையிலேயே நின்றுவிடும், ஆகவே நான்கைந்து பென்சிலை அறையிலேயே சீவிக்கொள்ளுங்கள். சிலை வரைய பார்ஜெல்லோ அருங்காட்சியகத்துக்கு ஈடு இல்லை. டொனாடெல்லோவின் வெண்கல டேவிட்டைச் சுற்றிவந்து ஒவ்வொரு கோணமாக வரையலாம். உஃபிட்சியின் போட்டிச்செல்லி அறையில் நிற்கவே இடம் கிடைக்காது.

ஆளிவிதை:
பெயின்ட் டியூப் வேறு, பெயின்ட்டைக் கரைக்கும் டர்பன்டைன் வேறு. டியூபில் இருப்பது நிறமியும் ஆளிவிதை எண்ணெயும். அந்த எண்ணெய் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் தீப்பற்றும் நிலைக்கு வரும். விமான விதிகள் ‘எரியும் திரவம்’ என்பது 60 டிகிரிக்குள் தீப்பற்றுவதை. அதனால் டியூப்கள் செக்-இன் பெட்டியில் வரலாம். டர்பன்டைன் 35 டிகிரி அளவிலேயே பற்றும், அதற்குப் பெட்டி, கைப்பை இரண்டிலும் தடை. வரைந்தது கலையாமலிருக்க அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேக்கும் அப்படியே. தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளை அச்சிட்டு, தீப்பற்று வெப்பநிலை உள்ள வரியை அடிக்கோடிட்டு டியூப்களோடு வையுங்கள். நிறையச் சுமக்கவும் வேண்டாம்: துவோமோ பேராலயத்துக்குப் பக்கத்தில் ட்செக்கி கடையில் நிறமிப் பொடி முதல் எல்லாம் கிடைக்கும்.

விடுதி அறையில் கரைப்பானே வேண்டாம். தூரிகையைத் துணியில் துடைத்து, எண்ணெயில் அலசி, மறுபடி துடைத்து, கடைசியில் சோப்பும் வெதுவெதுப்பான நீரும். கொதிநீர் பட்டால் மயிரைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும்.

தயவுசெய்து அந்தத் துணியில் கவனமாக இருங்கள். ஆளி எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலர்கிறது. அப்போது வெப்பம் வெளிவரும். விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும். கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் உள்ளேயே தேங்கி, பொறி எதுவும் இல்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். நிறைந்ததும் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைக்கலாம்.

குளிர்காலத்தில் படம் உலர நாளாகும். அடிப்பூச்சுக்கு அம்பர் (umber) என்ற பழுப்பு மண் நிறம் எடுங்கள். அதிலுள்ள மாங்கனீசு உலர்வதை வேகப்படுத்தும். டைட்டானியம் வெள்ளையும் காட்மியமும் மெதுவாகத்தான் உலரும்.

எல்லைக்கோடு:
இத்தாலி வந்த 8 வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் பெர்மெஸ்ஸோ விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். ‘ஸ்போர்டெல்லோ அமீகோ’ கவுன்டர் உள்ள கிளைக்குப் போங்கள். விண்ணப்ப உறையை ஒட்டாமல் திறந்தே கொடுக்க வேண்டும். 16 யூரோ வருவாய் முத்திரையைப் புகையிலைக் கடையில் முன்பே வாங்கிவிடுங்கள். அட்டைக்கு 30.46, ஓராண்டு வரையான அனுமதிக்கு 40, தபாலுக்கு 30: ஆக 116.46 யூரோ.

மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (பொது விசா முறையுள்ள ஐரோப்பிய நாடுகள்) நீங்கள் போகமுடிவது டி விசாவால்தான், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை. விசா முடிந்து அட்டையும் வராத இடைவெளியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது கையிலுள்ள பெர்மெஸ்ஸோ விண்ணப்ப ரசீது இத்தாலிக்குள் செல்லும், பாரிஸில் செல்லாது. அந்த நேரத்தில் ஊருக்குப் போவதானால் ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் வழியாக மாறாமல், நேரடி விமானமோ தோஹா, துபாய் வழியோ பாருங்கள். ஆகவே வெளிநாட்டுப் பயணங்களை முதல் ஆண்டிலேயே முடித்துவிடுவது நல்லது.

பாரிஸின் லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள் இரண்டும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அங்கே குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்ப்பார்கள். நீண்டகால விசாவைக் காட்டுங்கள். லூவ்ருக்கு நேரம் முன்பதிவு செய்யுங்கள், செவ்வாய் மூடியிருக்கும். ஓர்சேக்குத் திங்கள். மாட்ரிட்டின் பிராடோ 18–25 வயது மாணவர் யாருக்கும் இலவசம்.

கோட்டோவியன்:
மிக்க நன்றி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பதுவாவில் ஜோத்தோவின் சுவரோவியங்களைப் பார்க்க வேண்டும். அங்கே வரைய நேரம் கிடைக்குமா? எந்த அளவு ஏடு எடுத்துப்போகலாம்?

மைக்கூடு:
அந்தச் சுவரோவியங்கள் உள்ள ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்துக்கு முன்பதிவு கட்டாயம். காற்றின் ஈரப்பதத்தைச் சீராக்கும் அறையில் 15 நிமிடம் காக்கவைத்து, உள்ளே சுமார் 15 நிமிடம்தான் விடுவார்கள். முன்கூட்டியே ஒரே ஒரு கட்டத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கிறிஸ்துவின் உடலைச் சூழ்ந்து அழும் காட்சி என்றால், அந்தப் பாறையின் சாய்கோடும் முகங்கள் சாயும் திசையும் மட்டும் போதும். உள்ளே ஏ5 ஏடு வசதி. விமானப் பயணத்துக்கு ஏ4 வரை. மலிவு நிறுவனங்களின் இலவசப் பை பெரும்பாலும் 40×30 செ.மீ., ஏ3 தாளோ 42 செ.மீ. நீளம். ரயிலில் 50×70 போர்ட்ஃபோலியோவே போகும்.

பதுவாவுக்கு அதிவேக ரயில் டிக்கெட்டை முன்பே எடுத்தால் மலிவு. அரெட்சோவில் பியெரோ தெல்லா பிரான்செஸ்காவின் சுவரோவியங்களுக்கு ரீஜனல் ரயில் போதும், அதன் கட்டணம் எப்போது வாங்கினாலும் ஒன்றே. ஆனால் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

ஆளிவிதை:
இன்னொன்று, கிளம்பும் முன் செய்ய வேண்டியது. ஃப்ளோரன்ஸ் உள்ள டொஸ்கானா மாநிலத்தின் டிஎஸ்யு (மாணவர் உதவி அமைப்பு) உதவித்தொகை கிடைத்தால் மாணவர் உணவகத்தில் சாப்பாடும் சேரும். குடும்ப வருமானம், சொத்து பற்றிய ஆவணங்களை அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் அரசுச் சான்று) முத்திரையோடும் இத்தாலிய மொழிபெயர்ப்போடும் கேட்பார்கள். அங்கே போன பிறகு இவற்றைத் திரட்டுவது பெரும்பாடு.